பாடகரின் மூச்சு எங்கே செலவாகிறது?

மார்கழிக் கச்சேரி ஒன்றில் பாடகி தார ஸ்தாயி ஷட்ஜத்தில் வந்து நிற்கிறார். தம்புராவோடு இழைந்து கார்வை நீள்கிறது. பத்து விநாடி ஆகிறது, பதினைந்து ஆகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்களும் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இருபதை நெருங்கும் நேரத்தில் அவர் மெல்ல இறங்கி வர, அரங்கு கைதட்டுகிறது. பக்கத்து இருக்கைக்காரர், "என்ன தம் பாருங்க!" என்று வியக்கிறார்.

அந்தக் கைதட்டல் எழும் கணத்தில் பாடகியின் நுரையீரலில் இன்னும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று மிச்சம் இருக்கிறது. எவ்வளவு இறுக்கிப் பிழிந்தாலும் வெளியே வராத காற்று அது. எல்லா மனிதர்களுக்கும் உண்டு. பாடகியை வியந்த ரசிகரின் நுரையீரலும் ஏறக்குறைய அதே அளவுள்ளதாகத்தான் இருக்கும். அவரையே மேடையில் உட்காரவைத்து அதே சுரத்தைப் பிடிக்கச் சொன்னால் எட்டு விநாடியில் தவித்துப்போவார். இத்தனை வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

'தம் கட்டிப் பாடுவது' என்று நாம் சொல்லும்போது, பாடகர் நெஞ்சுக்குள் பெரிய காற்று மூட்டை ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்ற எண்ணம் அதில் ஒட்டியிருக்கிறது. பாட்டுக் கற்கும் குழந்தைகளும் அப்படியே நினைத்துக்கொண்டு, தோளைத் தூக்கி, நெஞ்சை விம்மவைத்து, முடிந்த மட்டும் காற்றை இழுக்கிறார்கள். பிறகு முதல் நாலு விநாடியிலேயே பாதியைக் கொட்டிவிடுகிறார்கள். சிக்கல் சேமிப்பில் இல்லை, செலவில் இருக்கிறது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாட்டு வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பல சொற்களுக்குப் பொருள் தெளிவாகும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சராசரி உயரமுள்ள ஆணின் நுரையீரல் முழுதாக நிறைந்தால் சுமார் 6 லிட்டர் காற்று பிடிக்கும். பெண்ணுக்கு 4 லிட்டரைச் சற்றுத் தாண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர்தான் போய்வருகிறது. இயன்றவரை இழுத்து இயன்றவரை விட்டால் ஆணுக்கு நாலரை லிட்டர், பெண்ணுக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல் வெளியே வரும். இந்த அளவுகளை உயரமும் வயதும் பாலினமும் தீர்மானிக்கின்றன. எந்தச் சாதகமும் விலா எலும்புக் கூட்டைப் பெரிதாக்கிவிடாது. பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற பாடகர்களை அளந்து பார்த்தபோதும், மொத்தக் கொள்ளளவு மற்றவர்களைவிடப் பெரிதாக இல்லை. இருப்பதில் கூடுதல் பங்கைப் பயன்படுத்தக் கற்றிருந்தார்கள், அவ்வளவே.

பாடும்போது குரல்வளை வழியாக விநாடிக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் காற்று வெளியேறுகிறது. 150 என்று வைத்துக்கொள்வோம். 3 லிட்டர் காற்று 20 விநாடிக்கு வரும். நம் பாடகியின் கார்வைக்கு இது சரியாகப் பொருந்துகிறது. குரலில் காற்று கலந்து ஒழுகினால் இந்தச் செலவு 300 மில்லிலிட்டர் ஆகிவிடும். அதே 3 லிட்டர் 10 விநாடியில் தீர்ந்துபோகும். 'எனக்கு மூச்சு போதவில்லை' என்று சொல்லும் மாணவருக்கு நுரையீரலில் எந்தக் குறையும் இல்லாமல், தொண்டையில் குழாய் சரியாக மூடாமல் இருக்கலாம்.

அந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது? குரல்நாண் என்று நாம் சொல்வதில் நாண் எதுவும் கிடையாது. மூச்சுக்குழலின் மேல்முனையில், குரல்வளைக்குள், இரு பக்கமும் எதிரெதிராக இருக்கும் ஈரமான சதை மடிப்புகள் அவை. ஆண்களுக்கு 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. வீணைத் தந்திபோல் எதுவும் அவற்றை மீட்டுவதில்லை. மடிப்புகள் நெருங்கி மூடுகின்றன. கீழே காற்றழுத்தம் கூடி அவற்றைத் தள்ளித் திறக்கிறது. காற்று பீறிட்டுச் செல்லும்போது அங்கே அழுத்தம் குறைவதாலும் சதையின் மீள்தன்மையாலும் மறுபடி மூடிக்கொள்கின்றன. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணுக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தில் இது விநாடிக்கு ஏறக்குறைய 208 முறை நடக்கிறது. தார ஷட்ஜத்துக்குப் போனால் இரட்டிப்பு. ஒவ்வொரு முறையும் மடிப்புகள் நன்றாக மூடினால் காற்று சிக்கனமாகச் செலவாகும், குரலும் மணிபோல் ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் காற்று வீணாகும், குரல் புகைமூட்டமாக இருக்கும்.

உயிருள்ள மனிதன் பாடும்போது இந்த மடிப்புகளைப் பார்த்துச் சொன்னவர் ஒரு மருத்துவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் ஒரு பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற ஸ்பெயின் நாட்டவர் 1854-இல், பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை அதன்மேல் பாய்ச்சி, தன் குரல்வளையைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதை அறிவித்தார். இன்று காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் செய்யும் பரிசோதனையின் தொடக்கம் அது. தன் மாணவர்களின் குரல் எப்படிப் பிறக்கிறது என்று அறியாமல் சொல்லிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த அக்கறைக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். 101 வயதுவரை வாழ்ந்தார்.

இனி அழுத்தத்துக்கு வருவோம். பாட்டின் மூச்சு என்பது முழுக்க முழுக்க அழுத்தம் பற்றிய விவகாரம். இதை அளக்க வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது. உயரமான டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ரா ஒன்றை 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்த்தி ஊதுங்கள். குமிழி வரத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் 7 சென்டிமீட்டர் நீர். சாதாரணமாகப் பேசும்போது குரல்மடிப்புகளுக்குக் கீழே இருப்பது ஏறத்தாழ இதே அழுத்தம்தான். மெல்லப் பாடவும் இது போதும். உரத்து, உச்சத்தில் பாட 30, 40 சென்டிமீட்டர் தேவைப்படும். மேற்கத்திய ஆப்பெராப் பாடகர்கள் அதையும் தாண்டுவதுண்டு.

இப்போது கவனிக்க வேண்டியது ஒன்று. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, எந்தத் தசையையும் இயக்காமல் உடம்பைத் தளர விட்டால், விரிந்த நுரையீரலும் விலாக்கூடும் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கம் மட்டுமே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அழுத்தத்தைக் கொடுக்கும். ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால் என்ன ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் சீறும், பிறகு துவளும். பாடகருக்குத் தேவை 7. உடம்பு தருவது 30. மெல்லிய பல்லவி ஒன்றை எடுக்க நெஞ்சு நிறைய மூச்சோடு உட்கார்ந்திருப்பவர், நாலு மடங்கு மிகையான அழுத்தத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார். மூச்சு பாதிக்குக் கீழே போனபிறகு நிலைமை தலைகீழாகிறது. சுருங்கும் விசை தீர்ந்துவிடும்; அதே 7 சென்டிமீட்டரைக் காக்க இப்போது தசைகள் பிழிந்து தள்ள வேண்டும்.

ஆர்மோனியத்தில் இந்தச் சிக்கலைத் தச்சர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கையால் அழுத்தும் துருத்தி நேரடியாக ரீடுகளுக்குக் காற்றை அனுப்புவதில்லை. உள்ளே வில் பொருத்திய இன்னொரு துருத்தி இருக்கிறது. கை எப்படி விட்டு விட்டு அழுத்தினாலும், அது காற்றை வாங்கிச் சேர்த்து ஒரே சீராக வெளியே அனுப்புகிறது. மனித உடம்பில் அப்படி இரண்டாவது துருத்தி கிடையாது. அந்த வேலையைத் தசைகளே செய்தாக வேண்டும்.

எந்தத் தசைகள் என்ற கேள்விக்குத் தெளிவான விடை எடின்பரோவிலிருந்து வந்தது. டிரேப்பர், லேடிஃபோகெட், விட்டரிட்ஜ் ஆகிய மூவரும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளில் மெல்லிய ஊசிகளைச் செருகி, பேசும்போது எந்தத் தசை எப்போது இயங்குகிறது என்பதை மின்குறிகளாகப் பதிவுசெய்து 1959-இல் வெளியிட்டார்கள். மூச்சை உள்ளே இழுக்கும் தசைகள், மூச்சை வெளியே விடும்போது ஓய்ந்துவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஓயவில்லை. ஆழமாக மூச்சிழுத்துப் பேசத் தொடங்கியவரின் வெளி விலாத் தசைகள், காற்று வெளியேறிக்கொண்டிருந்தபோதும் விலாக்கூட்டை விரித்தே பிடித்திருந்தன. சுருங்கத் துடிக்கும் நெஞ்சுக்குக் கடிவாளம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தன. காற்று ஓரளவு குறைந்தபிறகே அவை ஓய்ந்து, உள் விலாத் தசைகள் பொறுப்பேற்றன. இன்னும் குறைந்ததும் வயிற்றுத் தசைகள் வந்து சேர்ந்தன. மாட்டுவண்டிக்காரர் மேட்டிலிருந்து இறங்கும்போது கயிற்றை இழுத்துப் பிடித்து, சமவெளியில் தளர்த்தி, ஏற்றத்தில் தட்டி ஓட்டுவதைப் போன்றது இது.

பேச்சில் தன்னால் நடக்கும் இந்த ஏற்பாட்டைப் பாடகர் பத்து மடங்கு நுட்பமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இத்தாலியப் பாட்டு ஆசிரியர்கள் இதை 'அப்போஜ்ஜோ' என்றார்கள். சாய்ந்து நிற்றல் என்று பொருள். மூச்சை விடும்போதும் இழுக்கும் நிலையிலேயே உடம்பைச் சாய்த்து வைத்திருப்பது. ஊசியும் மின்குறியும் வருவதற்கு முன்பே, செவியையும் மாணவர்களின் உடம்பையும் மட்டுமே கொண்டு அவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு: 'அடிவயிற்றிலிருந்து பாடு.' பாட்டுக் கற்ற யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சிறுவயதில் எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. காற்று நெஞ்சில் இருக்கிறது, குரல் தொண்டையில் இருக்கிறது, வயிற்றில் இருப்பது காலையில் சாப்பிட்ட இட்லிதானே என்று தோன்றும். டீச்சரிடம் கேட்கத் துணிவில்லை. வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு பாடி, அதனாலேயே இன்னும் சீக்கிரம் மூச்சு முட்டி நின்றிருக்கிறேன். இன்றும் பல பிள்ளைகள் அதே தவற்றைச் செய்வதைப் பார்க்கிறேன். சொல்லில் குறையில்லை, விளக்கம்தான் கிடைக்கவில்லை.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும்போது, காற்று உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழிலிருந்து எழுவதாகத் தொடங்குகிறது. பிறகு தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை எண்ணுகிறது. தியாகராஜர் ஜகன்மோகினி ராகக் கீர்த்தனை ஒன்றில் ஏழு சுரங்கள் ஒளிரும் இடங்களாகக் கொப்பூழ், இதயம், கழுத்து, நாக்கு, மூக்கு ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறார். ஒரு மொழியியல் நூலும் ஒரு கீர்த்தனையும் ஒலிக்கு ஒரே இடத்தில் தொடக்கம் காட்டுகின்றன. உடம்பைக் கூர்ந்து கவனித்தவர்கள் உணர்ந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

உடற்கூறு என்ன சொல்கிறது? நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல் உதரவிதானம் என்னும் தசைத்தட்டு இருக்கிறது. அது சுருங்கினால் தட்டையாகிக் கீழே இறங்கும். நுரையீரல் விரிந்து காற்று உள்ளே வரும். அமைதியான மூச்சில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்குகிறது, ஆழ்ந்த மூச்சில் 10 சென்டிமீட்டர் வரைகூட. கீழே இருக்கும் குடல், கல்லீரல், இரைப்பை எல்லாம் அமுங்க இடமில்லாமல் முன்னே தள்ளப்படுகின்றன. அதனால் மூச்சிழுக்கும்போது வயிறு முன்னே வருகிறது. வயிற்றில் காற்று போவதில்லை. உதரவிதானம் இறங்கியதற்கான அடையாளம் அங்கே தெரிகிறது. வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சிழுத்தால், அந்தத் தட்டு இறங்க வழியில்லாமல் போய், தோளும் மேல்நெஞ்சும் மட்டும் உயரும். கிடைக்கும் காற்றும் குறைவு, கழுத்துத் தசைகளும் இறுகும். இறுகிய கழுத்தில் குரல்வளை எப்படி இயல்பாக இருக்கும்?

'உதரவிதானத்தால் பாடு' என்று சிலர் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. அது மூச்சை இழுக்கும் தசை. விடும்போது பெரும்பாலும் தளர்ந்து மேலே ஏறிவிடும். சில பாடகர்கள் மட்டும் பாடும்போதும் ஓரளவு அதை இறுக்கி வைத்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. அதன் நிலையை உணர்த்தும் உணர்வு நுனிகள் அதில் மிகக் குறைவு என்பதால், உதரவிதானம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாராலும் உணர முடியாது. உணரக்கூடியவை அடிவயிற்றுச் சுவரும் பக்கவாட்டில் விரியும் கீழ் விலா எலும்புகளும்தான். அதனால்தான் பெரியவர்கள் வயிற்றைக் காட்டினார்கள். மாணவரின் இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்புக்கு மேலே, கீழ் விலாவின் பக்கங்களில் வைக்கச் சொல்லி, "மூச்சிழுக்கும்போது இந்தக் கைகள் விலகட்டும், பாடும்போது அவை சட்டென்று உள்ளே விழாமல் பார்த்துக்கொள்" என்று ஒரு முறை சொன்னால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

மூச்சின் சீர்மை குலைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது தம்புராதான். குரல்மடிப்புக்குக் கீழே அழுத்தம் 1 சென்டிமீட்டர் கூடினாலே சுரம் இரண்டிலிருந்து ஆறு ஹெர்ட்ஸ் வரை உயர்ந்துவிடும். 208 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தில் 3 ஹெர்ட்ஸ் விலகல் என்றால் அரைச்சுர இடைவெளியில் கால் பங்கு. சாதாரணப் பேச்சில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். சுருதியோடு நிற்கும் கார்வையில் பழகிய காதுக்கு உடனே உறுத்தும். கார்வையைத் தொடங்கும்போது சற்றே தூக்கலாகவும் முடிக்கும்போது சற்றே தொய்வாகவும் பாடுபவரைப் பார்த்து 'காது போதாது' என்கிறோம். பல நேரம் காது சரியாகவே இருக்கிறது. மூச்சுதான் முதலில் சீறிப் பிறகு துவள்கிறது. காலையில் மந்திர ஸ்தாயியில் அகாரமாக நீண்ட கார்வைகளைப் பிடித்துச் சாதகம் செய்யச் சொன்ன முறை, குரலோடு இந்த அழுத்தத்தையும் சேர்த்தே பழக்குகிறது. பிருகாக்களை அடுக்குவதைவிட அசையாத ஒரு சுரம் கடினம் என்று சொல்லும் வித்வான்களின் கூற்றை நான் முழுமையாக நம்புகிறேன்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் பார்க்க வேண்டும். வரியின் முடிவில் மூச்சு முட்டுகிறதே, அது காற்று தீர்ந்ததாலா? பெரும்பாலும் இல்லை. மூச்சு வாங்கத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு என்று நினைக்கிறோம். இருபது விநாடிப் பாட்டில் ரத்தத்தின் ஆக்சிஜன் குறிப்பிடும்படி குறைவதே இல்லை. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் சேர்வதை மூளையின் முகுளப் பகுதி மோப்பம் பிடித்து, 'மூச்சை மாற்று' என்று அவசரப்படுத்துகிறது. அந்த நேரத்தில் உள்ளே நிறையக் காற்று இருக்கலாம்; ஆனால் பழைய காற்று. பாடகர் பதறிப்போய், இருப்பதை வெளியேற்றாமலே மேலும் ஒரு வாய் காற்றை இழுத்துத் திணிக்கிறார். அடுத்த வரியில் முட்டல் இன்னும் சீக்கிரம் வருகிறது. மேற்கத்திய வாத்தியமான ஓபோவை வாசிப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். அதன் ரீடில் காற்று மிகக் குறைவாகவே செலவாவதால், அவர்கள் புதிய மூச்சை இழுக்குமுன் பழையதை வெளியே விட்டாக வேண்டும். பாடகர்களுக்கும் நீண்ட இடைவெளி கிடைக்கும் இடங்களில், வயலின் வாசிக்கும் ஆவர்த்தனத்திலோ தனி முடிந்து எடுக்கும் முன்போ, முதலில் முழுதாக வெளியே விடுவது நல்லது. அதற்குப்பின் வரும் மூச்சு தன்னால் ஆழமாக வரும்.

ஒரு வரிக்கு எவ்வளவு மூச்சு என்பதும் அறிந்திருக்க வேண்டியது. ஐந்து விநாடி அனுபல்லவித் துண்டுக்கு நெஞ்சு நிறையக் காற்று எதற்கு? 30 சென்டிமீட்டர் அழுத்தத்தைக் கட்டிப்பிடிக்கும் வீண் வேலைதான் மிஞ்சும். வரிக்கு ஏற்ற அளவு மூச்சு என்ற பழக்கம், நல்ல பாடகர்களிடம் அவர்கள் அறியாமலே படிந்திருக்கிறது. அடுத்த வரியின் நீளத்தை மனம் முன்கூட்டியே அளந்துவிடுகிறது.

எங்கே மூச்சு வாங்குவது என்பது உடம்பைத் தாண்டி மொழிக்குள் வருகிறது. இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'மறவாதே' என்ற சொல்லில் 'மற' என்று நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு 'வாதே' என்று தொடர்ந்தால் என்ன ஆகும்? மறக்காதே என்று இறைவனை வேண்டியவர், மறந்துவிடு என்று வேண்டியதாகிவிடும். தமிழ் அசைகள் ஒட்டி ஒட்டி நிற்பவை. எங்கே வெட்டினாலும் வேறொரு சொல் முளைக்கும். கீர்த்தனையின் மொழி தெரியாமல் பாடுவோருக்கு மட்டுமே இது நேர்கிறது என்று சொல்ல முடியாது. தமிழ் தெரிந்தவர்களே தமிழ்ப் பாட்டில் இதைச் செய்கிறார்கள். தாளத்தில் இடம் கிடைத்த இடத்தில் மூச்சு வாங்கிவிடுவதால் வரும் வினை.

காலம் மெதுவாக ஆக ஆக இந்தத் திட்டமிடல் கடினமாகிறது. எம்.டி. ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில், சௌக்க காலத்தில் பாடியவர். ஒரே சொல் நாலைந்து விநாடி நீளும் அந்தப் பாணியில், அவர் எடுத்துக்கொண்ட இடைவெளிகள் பாட்டின் அங்கமாகவே ஒலித்தன. வயது இன்னொரு கட்டுப்பாடு. முப்பதைத் தாண்டியபின், வெளியே விடக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 20, 30 மில்லிலிட்டர் வீதம் குறைந்துகொண்டே போகிறது. ஐம்பது ஆண்டில் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். 1908-இல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறை ஒட்டிய வயதிலும் மேடையில் பாடினார். இயற்கையாகக் கனிந்த குரல் வாய்க்காமல், சாதகத்தால் அதை வசப்படுத்தியவர். இழந்த லிட்டரை எந்தச் சாதகமும் திருப்பித் தராது. சொற்றொடரைச் சிறிதாக்கி, அழுத்தத்தைக் குறைத்து, மூச்சு வாங்கும் இடங்களைக் கூட்டி, அதையும் அழகாகக் காட்டத் தெரிந்தவர்களே அந்த வயதில் பாடுகிறார்கள்.

மூச்சு விடாமல் பாடுவது என்றதும் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 1990-இல் வந்த 'கேளடி கண்மணி' படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு. அதில் ஒலிப்பதிவுக் கூடத்தின் பங்கும் உண்டு என்பதை அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டின் பெருமை அதனால் துளியும் குறையவில்லை. சொற்கள் அத்தனை விரைவில் அடுக்கிவரும்போதும் குரல் கனிவு மாறாமல் இருப்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. அழுத்தம் ஏறி இறங்காமல் சீராக இருந்தாலொழிய அது நடக்காது.

உண்மையிலேயே இடைவிடாமல் ஒலி எழுப்புபவர் நம் கோயில்களில் இருக்கிறார். நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர். கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்து, அதை வெளியே பிழிந்துகொண்டே மூக்கால் புது மூச்சை இழுக்கிறார். பாடகர்கள் ஏன் இதைச் செய்ய முடியாது? ஒத்தில் ஒலி பிறக்கும் சீவாளி உதட்டில் இருக்கிறது. கன்னத்துக் காற்று அதை அதிரவைக்கப் போதும். பாடகரின் சீவாளி தொண்டைக்குள், கன்னத்துக்கு வெகு கீழே இருக்கிறது. கன்னத்துக் காற்று அதைக் கடந்து வந்துவிட்ட காற்று. மூச்சை உள்ளே இழுக்கவும் அதே வாசலைத்தான் திறந்தாக வேண்டும். பாட்டில் மூச்சுக்கு ஒரு இடைவெளி கட்டாயம் என்பது உடம்பின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நடைமுறைக்குச் சில சொற்கள். நம் பாடகர்கள் தரையில் சம்மணமிட்டு உட்காருகிறார்கள். முதுகு கூனினால் வயிறு மடிந்து உதரவிதானம் இறங்க இடமில்லாமல் போகும். போர்வையை மடித்து அடியில் போட்டு, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்தால் முதுகு தன்னால் நிமிரும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பாடக் கூடாது என்பதற்கும் காரணம் இதே இட நெருக்கடிதான். பிராணாயாமம் மூச்சின் மேல் கவனத்தைக் கொண்டுவருகிறது. பாடகருக்கு அது நல்லது. கும்பகத்தில் மூச்சை அடக்கும் பழக்கத்தை மட்டும் பாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. குரல்வளையைப் பூட்டிக் காற்றைத் தேக்குவது ஒரு வேலை. திறந்த தொண்டையில் விலாவின் பிடியால் காற்றை அளந்துவிடுவது வேறொரு வேலை.

பயிற்சி என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த ஸ்ட்ராவையே சொல்வேன். தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, குமிழிகள் ஒரே அளவில், ஒரே வேகத்தில் வரும்படி ஊதுங்கள். பிறகு அதோடு குரலையும் சேர்த்து ஒரு சுரத்தை முனகுங்கள். இங்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரல் அறிவியலாளர் இந்த ஸ்ட்ராப் பயிற்சியைப் பரவலாக்கினார். ஸ்ட்ராவின் எதிரழுத்தம் குரல்மடிப்புகளை மெதுவாகத் தாங்கிக்கொள்வதால் அவை மோதிக்கொள்ளாமல் அதிர்கின்றன. மூச்சு சீறினால் குமிழி கொந்தளிக்கும், துவண்டால் நின்றுவிடும். கண்ணால் பார்த்தே திருத்திக்கொள்ளலாம். தலை சுற்றுவதுபோல் இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இந்த அறிவு மேடையோடு நின்றுவிடவில்லை. கோவிட் தொற்றுக்குப்பின் மூச்சுத்திணறல் நீங்காமல் தவித்தவர்களுக்காக, இங்கிலீஷ் நேஷனல் ஆப்பெராவும் லண்டனின் இம்பீரியல் கல்லூரி மருத்துவமனைகளும் சேர்ந்து 2020-இல் ஆறு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கின. பாடகர்கள் இணையம் வழியே தாலாட்டுப் பாடல்களைக் கொண்டு மூச்சைப் பழக்கினார்கள். 150 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் மனநலம் சார்ந்த வாழ்க்கைத்தரம் மேம்பட்டிருந்தது, சில வகை மூச்சுத்திணறலும் குறைந்திருந்தது. திணறுபவர், பாடத் தெரியாத குழந்தையைப் போலவே, மேல்நெஞ்சில் காற்றைத் திணித்துக்கொண்டே போகிறார். தாலாட்டின் நீண்ட, மெல்லிய வரி அவரை மூச்சை மெதுவாக விடவைக்கிறது.

பாட்டு சொல்லித்தருபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மேற்கத்திய இசைக்குறிப்பில் மூச்சு வாங்கும் இடத்தைக் காட்ட வரிக்கு மேலே ஒரு காற்புள்ளி போடுகிறார்கள். நம் சுர தாளக் குறிப்பில் தாளத்துக்குக் கோடு இருக்கிறது, ஸ்தாயிக்குப் புள்ளி இருக்கிறது, மூச்சுக்கு எந்தக் குறியும் வழக்கத்தில் இல்லை. அடுத்த கீர்த்தனையைப் பிள்ளைகளின் நோட்டில் எழுதித் தரும்போது, சொல் உடையாத இடம் பார்த்து, பென்சிலால் ஒரு சிறு காற்புள்ளி போட்டுக் கொடுங்கள்.